நாடகம் பார்த்துச் சீனம் பேசலாமா?

கேள்வி: ரீச்சர், எனக்குக் களுவாஞ்சிக்குடி. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். இரண்டு வருடமாகப் போனில் சீன நாடகங்கள் பார்த்து வருகிறேன். அரண்மனைக் கதை, காதல் கதை, குடும்பக் கதை என்று ஒன்றையும் விடுவதில்லை. ஆங்கில உபதலைப்புடன்தான் பார்ப்பேன். இப்போது சில சொற்கள் தானாகவே வாயில் வருகின்றன. சீன மொழியை ஒழுங்காகப் படித்து, பாசிக்குடாவில் சுற்றுலா வழிகாட்டியாக வேண்டும், அல்லது புலமைப்பரிசில் எடுத்துச் சீனாவில் படிக்க வேண்டும் என்று ஆசை. கொழும்பில் தங்கிப் படிக்க வீட்டில் வசதி இல்லை. “நாடகம் பார்த்து ஆரும் பாசை படிச்ச கதை உண்டா?” என்று அம்மா ஏசுகிறார். உண்மையில் முடியுமா? பாடசாலையில் சங்கீதம் ஒரு பாடமாகப் படித்தேன், அது ஏதும் உதவுமா?

பதில்: தங்கச்சி, அம்மாவின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். காதால் மட்டும் மொழி படித்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். குவைத்திலும் சவூதியிலும் கட்டாரிலும் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த பெண்களை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் காணலாம். அரபு எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் விமானம் ஏறியவர்கள், ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது அரபியில் பேரம் பேசுவார்கள், பிள்ளைக்குக் கதை சொல்வார்கள், தங்கள் பக்க நியாயத்தையும் எடுத்துச் சொல்வார்கள். இதே வாவிக்கரையில், சிறுவயதிலேயே குர்ஆன் மதரசாவுக்குப் போய் அரபு எழுத்தைத் திருத்தமாக ஓதப் பழகியவர்களும் இருக்கிறார்கள். அழகாக ஓதும் அவர்களில் பலருக்கு அரபியில் பேச வராது, ஏனென்றால் அவர்கள் பேசுவதற்காக அதைக் கற்கவில்லை. காது ஒரு வழி, எழுத்து இன்னொரு வழி. ஒன்றில் போனால் மற்றது தானாக வந்து சேராது.

குவைத் வீட்டில் இருந்த அக்காவுக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே வீட்டுக்காரி ஒன்று கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். விளங்காமல் வேறு சாமானை எடுத்து நீட்டினால் அந்த இடத்திலேயே திருத்தம் வரும். நாடகத்தில் வரும் இளவரசி உங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை, நீங்கள் பிழையாகச் சொன்னாலும் அவளுக்குத் தெரியாது. அந்தக் குறையை வேறு வழியில் நிரப்பிக்கொண்டால் நாடகம் பார்த்துச் சீனம் வரும். நிரப்பாவிட்டால் இன்னும் பத்து வருடம் பார்த்தாலும் இதே சில சொற்கள்தான் மிஞ்சும்.

இரண்டு வருடப் பழக்கம் ஏன் சில சொற்களோடு நின்றுவிட்டது? காரணம் அந்த ஆங்கில உபதலைப்பு. கண் ஆங்கிலத்தை வாசிக்கும்போது காது ஓய்வெடுத்துவிடுகிறது. இந்த இரண்டு வருடத்தில் உங்கள் ஆங்கில வாசிப்பு வளர்ந்திருக்கும், அது நல்லதுதான். ஆனால் சீனம் பின்னணி இசையாகவே இருந்திருக்கிறது. இதை ஆய்வும் சொல்கிறது. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மக்குவீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், டச்சு மொழி பேசுபவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலிய உச்சரிப்பில் அமைந்த ஆங்கிலக் காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு நன்றாகப் பிடிபட்டது. டச்சு உபதலைப்போடு பார்த்தவர்களோ, பிறகு அதே ஆட்கள் பேசிய புதிய வசனங்களைக் கேட்டபோது, உபதலைப்பே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். பேசும் மொழியும் வாசிக்கும் எழுத்தும் ஒன்றாக இருந்தால்தான் காது பழகும்.

சீன நாடகங்களில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பெரும்பாலான நாடகங்களில் சீன எழுத்து திரையின் அடியிலேயே ஓடும். குவாங்சோக்காரரின் வட்டாரப் பேச்சு பெய்ஜிங்காரருக்கு விளங்காது, ஆனால் இருவரும் வாசிப்பது ஒரே எழுத்து. அதனால் சீனர்களே அந்த எழுத்தைப் பார்த்துத்தான் பல நிகழ்ச்சிகளை ரசிக்கிறார்கள். ஆங்கிலத்தை நிறுத்திவிட்டு அந்த வரியை மட்டும் விட்டு வையுங்கள்.

ஆங்கிலத்தை விடச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ‘எனக்கு ஆங்கிலமே சரியாக வராது, சீனம் எப்படி வரும்’ என்று பயப்படுகிறார்கள். சீனத்துக்குப் போகும் பாதை ஆங்கிலத்தின் ஊடாகப் போகத் தேவையில்லை. காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நிறுத்தியது, 1409 ஆம் ஆண்டுத் திகதி இட்டது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. சீனமும் தமிழும் நேருக்கு நேர் பேசிய காலம் அது. தமிழை வைத்துக்கொண்டு சீனத்தைப் பார்த்தால் பல இடங்கள் சட்டென்று துலங்கும்.

உறவுமுறையைப் பாருங்கள். ஆங்கில உபதலைப்பு அண்ணனையும் தம்பியையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும், சித்தப்பாவையும் மாமாவையும் ஒன்றாக்கிவிடும். சீனத்தில் அண்ணன் வேறு, தம்பி வேறு, அக்கா வேறு, தங்கை வேறு. தந்தையின் தம்பிக்கு ஒரு சொல், தாயின் சகோதரனுக்கு வேறொரு சொல். அப்பப்பா ‘யேயே’, அம்மப்பா ‘வைகொங்’. ஒரு பாத்திரம் நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவனை இன்றைக்கு ‘அண்ணா’ என்று கூப்பிட்டால் கதையில் ஏதோ திரும்புகிறது என்று உங்களுக்கு உடனே விளங்கும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் காணாமலே போகும். மரியாதையும் அப்படித்தான். சிநேகிதனை ‘நீ’ என்பார்கள் (ஒலி ஒத்திருப்பது தற்செயல்தான்), பெரியவரை ‘நின்’ என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

வாக்கிய அமைப்பிலும் தமிழ் கைகொடுக்கும். ‘நேற்று வந்த ஆள்’ என்று நாம் சொல்லும் அதே வரிசையில்தான் சீனரும் சொல்கிறார்கள், ஆங்கிலம்தான் அதைத் தலைகீழாக்குகிறது. ‘வந்தாயா’ என்பதில் நாம் கடைசியில் ‘ஆ’ சேர்த்துக் கேள்வியாக்குவதுபோல அவர்கள் வாக்கியத்தின் கடைசியில் ‘மா’ சேர்க்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: நாம் ‘மீன் சாப்பிடு’ என்போம், அவர்கள் வினையை முன்னே வைப்பார்கள்.

உச்சரிப்பில்தான் ஆங்கிலம் நம்மை அதிகம் வழிதவறச் செய்கிறது. சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர், 1958 இல் சீன அரசு ஏற்றுக்கொண்டது. அதில் பெய்ஜிங் என்ற பெயர் ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தில் தொடங்கும். ஆங்கிலம் படித்தவர்கள் அதை ஆங்கிலப் பழக்கத்தில் அழுத்தி அதிரச் சொல்வார்கள். சீனர் சொல்வது அப்படி அல்ல. ‘மழை பெய்’ என்கிறோமே, அந்தப் பகரமேதான். ‘கல்’லில் வரும் ககரத்தையும் அப்படியே பயன்படுத்தலாம். நமக்குப் புதியது இவற்றின் மூச்சுச் சேர்ந்த வடிவம்தான். வாய்க்கு முன்னே ஒரு மெல்லிய கடதாசியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ‘பா’ என்று நம்மைப்போலச் சொன்னால் கடதாசி அசையாது, சொல்லின் பொருள் அப்பா. மூச்சைத் தள்ளிச் சொன்னால் கடதாசி பறக்கும், பொருள் பயப்படுவது. பிறகு ழகரம். மனிதன் என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி நமது ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ‘பழ’த்தைப் ‘பளம்’ என்று சொல்லும் பழக்கம் இருந்தால் மட்டும் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி சங்கீதம். ஆம், உதவும். இசை பயின்றவர்கள் சீனத் தொனிகளை மற்றவர்களைவிட விரைவாகப் பிரித்தறிகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சீனப் பொதுமொழியில் நான்கு தொனிகள் உண்டு, தொனி இல்லாத மென்மையான அசையும் உண்டு. ‘மா’ என்பதை உயர்த்தி ஒரே மட்டத்தில் பிடித்தால் அம்மா, கீழிருந்து மேலே ஏற்றினால் சணல், அடியில் இறக்கி வைத்தால் குதிரை, மேலிருந்து சட்டென்று விழுத்தினால் ஏசுவது. சுருதிப் பெட்டியோடு சேர்க்க வேண்டியதில்லை. ஆணின் குரலும் பெண்ணின் குரலும் வேறு வேறு மட்டத்தில் இருக்கும், அவரவர் குரலுக்குள் ஏற்றமும் இறக்கமும் தெரிந்தால் போதும்.

தமிழருக்கு இதில் ஒரு தடை உண்டு. நாம் குரலை உயர்த்துவது வியப்புக்கும் கேள்விக்கும், இறக்குவது சலிப்புக்கும். அந்தப் பழக்கத்தைச் சீனத்திலும் ஏற்றினால் சொல்லே மாறிவிடும். இந்த இடத்தில்தான் நாடகம் எந்தப் பாடப்புத்தகத்தையும்விடப் பெரிய ஆசிரியர். கோபத்தில் கத்தும்போதும், அழுதுகொண்டு பேசும்போதும், கிசுகிசுக்கும்போதும் தொனி எப்படித் தப்பி நிற்கிறது என்று நடிகர்கள் காட்டுகிறார்கள். இன்னொன்று: அடியில் இறக்கி வைக்கும் மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது ஏறும் தொனியாக மாறும். ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்திலேயே அது நடக்கிறது. புத்தகத்தை மட்டும் பிடித்தவர்கள் இதில் இடறுவார்கள், காதால் படித்தவருக்கு இது விதி என்றுகூடத் தெரியாமல் வந்துவிடும். ஆனால் நாடகப் பாடல்களை வைத்துத் தொனி படிக்காதீர்கள். மெட்டு தொனியை விழுங்கிவிடும்.

எதைப் பார்ப்பது? அரண்மனைக் கதைகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். 2011 இல் வந்த ‘ஜென் ஹுவான்’ கதை 76 பாகம், அருமையான நாடகம், எனக்கும் பிடித்தது. ஆனால் அதில் வரும் அரசவைப் பேச்சைப் பழகிக்கொண்டு பாசிக்குடாக் கடற்கரையில் சீனப் பயணி ஒருவரை வரவேற்றால் அவருக்குத் திகைப்புத்தான் வரும். 2005 இல் தொடங்கிய ‘ஜியா யோ அர் ந்யூ’ என்ற குடும்பத் தொடரைத் தேடிப் பாருங்கள். மறுமணம் செய்த தம்பதி, மூன்று பிள்ளைகள், சாப்பாட்டு மேசை, வீட்டுப்பாடம், ரிப்போர்ட், ஏச்சு. ஒரே வீட்டுக்குள் ஒரே மாதிரிச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும், மொழி படிப்பவருக்கு வேண்டியது அந்தத் திரும்பல்தான். அதுவும் கடினம் என்றால் பெப்பா பன்றிக்குட்டியின் சீன வடிவம், ஐந்து நிமிடக் கதைகள். அது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று வெட்கப்பட வேண்டாம். பேச்சில் கொஞ்சம் முன்னேறிய பிறகு 2019 இல் வந்த ‘தோ திங் ஹாவ்’ பாருங்கள். தாய் இறந்தபின் தந்தையை யார் பார்ப்பது என்று பிள்ளைகள் மோதிக்கொள்ளும் கதை, நம் வீடுகளிலும் நடப்பது.

படங்களில் கவனம் தேவை. ஜாக்கி சானின் பழைய ஹொங்கொங் படங்கள் பெரும்பாலும் கண்டோனீஸ். அது வேறு பேச்சு, தொனிகளும் வேறு. ஜாங் யிமோவின் ‘சியூ ஜூ’ (1992) உயர்ந்த படம், ஆனால் ஷான்சி வட்டாரப் பேச்சில் எடுத்தது. ஆங் லீயின் ‘குரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ (2000) படத்தைச் சீனர்கள் பார்த்தபோது, கதாநாயகன் சோ யுன் ஃபட்டின் பேச்சில் ஹொங்கொங் வாடை அடிப்பதைக் கண்டுகொண்டார்கள். கதாநாயகி மிஷெல் யோ மலேசியாவில் பிறந்தவர், சீன எழுத்து வாசிக்கத் தெரியாதவர், தன் வசனங்களை ஒலியாகவே மனனம் செய்து பேசினார். எழுத்துத் தெரியாமல், காதையும் வாயையும் மட்டும் வைத்து உலகம் பார்த்த படத்தில் நடிக்க முடிந்திருக்கிறது. ஆனால் அவர் பக்கத்தில் உச்சரிப்பைத் திருத்த ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

பார்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பாகம் முழுவதும் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு நிமிடக் காட்சியைப் பிடியுங்கள். டேட்டாவும் மிச்சமாகும். முதலில் எழுத்தில்லாமல் கேளுங்கள், பிறகு சீன எழுத்தோடு. வசனங்களில் நான்கைந்தைக் கொப்பியில் எழுதி, பொருளைத் தமிழில் எழுதுங்கள். அதன் பிறகு நடிகை பேசி முடிப்பதற்குள் நீங்களும் கூடவே சத்தமாகச் சொல்லுங்கள், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் குரலைப் போனில் பதிந்து இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். உங்கள் தொனி எங்கே விழுகிறது என்று சங்கீதம் படித்த காது கண்டுபிடித்துவிடும். எழுத்தைக் கையால் எழுதிப் பழகுவதை ஒரு நாளும் விடாதீர்கள்.

ஆனாலும் ஒரு ஆள் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவகங்கள் இருக்கின்றன. அவர்களிடம் இணையவழி வகுப்பு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், கொழும்பில் தங்கத் தேவையில்லாமல் போகலாம். இன்னொரு வழி எனக்கு அதைவிடப் பிடித்தது. தமிழ் படிக்கும் சீனர்கள் இருக்கிறார்கள். பீக்கிங் வானொலி 1963 ஓகஸ்ட்டில் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது, பிறகு அது சீன வானொலி ஆனது. கலைமகள் என்ற தமிழ்ப் பெயரில் பேசிய சீனப் பெண்மணியின் குரல் நம் பக்கத்து நேயர்களுக்கும் பழக்கம். அவர் தமிழைப் படித்தது சீனாவில்தான். ஆசிரியரிடம் கற்றார், பிறகு நாள்தோறும் ஒலிவாங்கிக்கு முன் பேசினார், நேயர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் சொன்னார். கேட்பதும் பதில் சொல்வதும் அங்கே சேர்ந்தே நடந்தன. பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் 2018 இல் தமிழ்ப் பட்டப்படிப்பு தொடங்கியது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் பேசிப் பழக ஆள் வேண்டும். வாரத்தில் ஒரு மணித்தியாலம் நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுங்கள், அவர் சீனம் சொல்லித்தரட்டும். துறைக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

உங்கள் இரண்டு ஆசைகளில், புலமைப்பரிசிலுக்கு அளவுகோல் தெளிவாக இருக்கிறது: எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்ச்சிப் பரீட்சை. வழக்கமான ஆறு நிலை முறையில் முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 600, நான்காவதுக்கு 1200. முதல் இரண்டு நிலைகளில் பின்யின் துணைக்கு வரும், மூன்றாம் நிலையிலிருந்து வெறும் சீன எழுத்துத்தான். சீன மொழியில் நடக்கும் பட்டப்படிப்புகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் நான்காம் நிலையைக் கேட்கின்றன. ஒரு வருடத்தில் மூன்றாம் நிலையை எட்டுவது ஒழுங்காகப் படிக்கும் ஒருவருக்கு முடிந்த காரியம் என்பது என் எண்ணம். வழிகாட்டி வேலைக்கு அதைவிட அதிகம் பேச வேண்டும், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமமும் வேண்டும். அமெரிக்க வெளிநாட்டுச் சேவை நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்கள் சீனத்தில் வேலைசெய்யும் தேர்ச்சி பெற ஏறத்தாழ 2200 வகுப்பு மணித்தியாலம் கணக்கிடுகிறது. உங்களுக்கு இன்னும் இருபது வயதாகவில்லை, நேரம் இருக்கிறது. அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பார்க்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றால் சந்தோசப்படுவார்.

கேள்வி: ரீச்சர், நான் காத்தான்குடியில் துணி வியாபாரம் செய்கிறேன். குவாங்சோவுக்கும் இவூவுக்கும் போய்ச் சாமான் எடுப்பதுண்டு. மகனுக்கு நாலு வயது. ரி.வி.யில் சீனக் கார்ட்டூன் போட்டுவிட்டால் சின்ன வயதில் தானாகவே மொழி பிடித்துவிடும் என்று நண்பர் சொன்னார். செய்யலாமா?

பதில்: சகோதரரே, கார்ட்டூனை மட்டும் நம்பிச் செய்ய வேண்டாம். இதைச் சீன மொழியை வைத்தே சோதித்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரிசியா கூலும் அவரது குழுவினரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீனம் பேசுபவர்கள் நேரில் வந்து 12 தடவை கதை வாசித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசியதை ரி.வி.யில் காட்டினார்கள், இன்னும் சிலருக்கு ஒலியை மட்டும் போட்டார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீனத்துக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தார்கள். ரி.வி.யில் பார்த்தவர்களும் ஒலியை மட்டும் கேட்டவர்களும், சீனமே கேட்காத குழந்தைகளைவிட ஒன்றும் கூடப் பெறவில்லை. பேசியது அதே ஆட்கள், அதே மொழி. ஆள் பக்கத்தில் இருந்ததுதான் வித்தியாசம்.

உங்கள் மகன் கைக்குழந்தை அல்ல, நாலு வயதில் படம் பார்த்துச் சொற்களைப் பிடிக்க முடியும். ஆனால் யாராவது பக்கத்தில் இருந்து ‘இது என்ன?’ என்று கேட்டால்தான் அவை நிலைக்கும். உங்களுக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்காவது சீனம் வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு இஷாவுக்குப் பிறகு ஒரு பத்து நிமிடக் கதையை மகனோடு பாருங்கள். கோழி, வண்டி, தொப்பி என்று திரையில் வருவதையெல்லாம் சீனத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் சீன வியாபாரியின் வீட்டில் அதே வயதுப் பிள்ளை இருந்தால் வீடியோவில் இரண்டு பேரையும் பேச விடுங்கள். உம்மாவும் வாப்பாவும் வேலையாக இருக்கிற நேரத்தில் பிள்ளையை அமைதியாக வைத்திருக்கச் சீனக் கார்ட்டூன் போடுவதென்றால் அதற்கு மொழிப்பாடம் என்று பெயர் வைக்காதீர்கள். அந்த நேரம் அவன் வளவில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடட்டும்.